கொட்டாஞ்சேனையில் வலிக்காத கால்

கொழும்புக்குப் போகிறவர்கள் கடற்கரை பார்ப்பார்கள், கோயில் பார்ப்பார்கள், துணிக்கடை பார்ப்பார்கள். நான் ஒரு குதிகாலைப் பார்க்கப் போனேன். என் அக்கா பாக்கியத்தின் வலது குதிகால்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். எங்கள் குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறித் திருச்சிக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. அவள் அங்கேயே கல்யாணமாகித் தங்கிவிட்டாள். புருஷன் இறந்தபின் கொழும்புக்கு வேலைக்கு வந்து பல வருடமாகிறது. ஒரே மகள் செல்வி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அந்தப் பெண்தான் போன் பண்ணி அழுதாள். “மாமா, அம்மா கால் நோவுன்னு ஒரு வருஷமா அனத்துது. டாக்டர்கிட்ட போன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க போனா கேக்கும்.”

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. கால் வலி விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் நான்தான் நிபுணன். இருபத்து நாலு வருடமாகப் பஸ் கண்டக்டராக நின்றே பிழைக்கிறவன். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும், சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தடித்த நார் புண்பட்டுவிட்டது என்று திருச்சி டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் நான் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் அதேதான் என்று திருச்சியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டேன். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் பெட்டியில் வைத்தேன். கடைக்காரர் “போடறவங்களுக்கு சுகர் இருக்கா சார்?” என்று கேட்டார். வெறும் குதிகால் வலிதான் என்று அவருக்கும் விளக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா இருக்கும் குடியிருப்பையும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் இங்கே தேயிலை இல்லை. ஒரு பொதுக் குழாயைச் சுற்றி நெருக்கி அடுக்கிய வீடுகள். அதில் ஓர் அறையும் ஒரு அடுப்பும் அக்காவுடையவை. வாசலில் நின்றவள் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள். ஒரு வருடமாகக் கால் வலி என்று அழுதவள் அப்படி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“கால் எப்படி இருக்கு அக்கா?”

“நோவு போயிருச்சுடா தம்பி! ஒன்னும் இல்ல, பாரு.” காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினாள். “அந்தோனியாருக்கு ஒம்போது செவ்வாய் நேர்த்தி வச்சேன். இங்கிருந்து கோயிலுக்கு வெறுங்கால்ல நடக்கறதா. நாலாஞ் செவ்வாயே எரிச்சல் போயிருச்சு. இப்ப ஏழு முடிஞ்சிருக்கு.”

கொழும்பில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்க கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமையானால் இந்துவும் சிங்களவரும் முஸ்லிமும் கொச்சிக்கடைக் கோயிலில் வரிசையில் நிற்கிறார்கள். அக்காவின் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் குழந்தையைக் கையில் ஏந்தியபடி அந்தோனியாரும் இருந்தார்.

பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டியும் சம்பலும் பருப்பும் வைத்தாள். சம்பல் காதைப் பிடித்துத் தூக்கியது. அவளுடைய பிளேன்டீயில் மூன்று கரண்டி சீனி விழுந்தது. “சீனி வருத்தம் இருக்குன்னு மாத்திரை தந்தாங்க. நோவுதான் போயிருச்சே, இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடறேன்” என்றாள். நானும் தலையாட்டினேன். கொண்டுவந்த நிபுணத்துவத்துக்கு வேலையில்லாமல் போனதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அவளோடு வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே மாடிக் குடியிருப்பு ஒன்றில் அக்கா பதினாறு வருடமாகச் சமையல் வேலை பார்க்கிறாள். பஸ் முழுக்க நிற்கவில்லை. ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக இருக்கும்போதே எடுத்துவிட்டான். என் குதிகால் தாரில் இழுபட்டு நான் போட்ட சத்தத்துக்கு யாரும் திரும்பவில்லை. கண்டக்டர் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தான். அக்கா மொழிபெயர்த்தாள்: “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, உள்ள எடம் இருக்காம்.” உள்ளே ஒரு சாண் இடம்கூட இல்லை. எங்கள் ஊரிலும் இதே பொய்யைத்தான் நான் இருபத்து நாலு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர். “பாக்கியத்தின்ர தம்பியே? வாங்கோ, இருங்கோ” என்றார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன அக்கா, சாயங்காலம்வரை பளிங்குத் தரையில் நின்றாள். தேங்காய் துருவினாள், மீன் வெட்டினாள், இடியப்பம் பிழிந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கண்டக்டருக்காவது ஒரு சீட் உண்டு.

நான் பையிலிருந்த புதுச் செருப்பை எடுத்தேன். “டீச்சர், இதை அக்கா உள்ளே போட்டுக்கலாமா? கல் தரை குதிகாலுக்கு ஆகாது.”

“அதுக்கென்ன, போடட்டும். நான் வேண்டாமெண்டு சொன்னனானே?”

அக்காவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. “அடுத்த பக்கம் சாமி அறை. இன்னொருத்தர் வீட்டு அடுப்படிக்குள்ள செருப்போட நிக்கறதா? நீ சும்மா இருடா.” செருப்பைப் பையிலேயே திரும்பத் திணித்தாள். நானும் வற்புறுத்தவில்லை. என் வீட்டிலும் சமையலறைக்குள் செருப்பை யாரும் விடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை, எட்டாவது நடை. துணைக்கு நானும் வெறுங்காலோடு வருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் வேலை இருந்ததால் அக்கா கிளம்பியது பதினொரு மணிக்கு. வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஐம்பது அடி போவதற்குள் நான் துள்ள ஆரம்பித்தேன். நிழல் கண்ட இடத்திலெல்லாம் ஒதுங்கினேன். ஒரு திரீவீல்காரர், நம் ஊர் ஆட்டோதான், பக்கத்தில் ஓட்டி வந்து நிறுத்தினார். தலையில் வெள்ளைத் தொப்பி. “அண்ணே, கால் வெந்து போகும். ஏறுங்க, காசு வாணாம். அந்தோனியார்ட பேருக்குத்தான்.”

“நேர்த்தி நானா, நடக்கணும்” என்று அக்கா சிரித்தாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறகு என்னைப் பார்த்து, “என்னடா ஆம்பள நீ! எனக்கு ஒன்னும் சுடவே இல்லையே” என்றாள்.

திரீவீல்காரரும் சிரித்தார், நானும் சிரித்தேன். நடுப்பகல் தார் ஒருத்திக்குச் சுடவில்லை என்றால் அது சிரிக்கிற விஷயமில்லை என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் நிதானமாக, சில்லென்ற மணலில் நடப்பவளைப்போல் நடந்தாள். பக்தியில் இவ்வளவு பலமா என்று எனக்குக் கண்கூட நனைந்தது.

கோயில் வாசலில் தரை சுத்தமாக இருந்தது. அக்கா மிதித்த இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு தடம். அந்தத் தெருக்களில் வெற்றிலை எச்சில் இல்லாத நடைபாதையே கிடையாது. “அக்கா, எவனோ துப்பினதை மிதிச்சிட்ட” என்றேன். அவள் “ச்சீ!” என்று முகம் சுளித்து என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். சிவப்பு போனது. கொஞ்சம் பொறுத்து இன்னும் கொஞ்சம் வந்தது. பித்தவெடிப்பில் தங்கியது போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் ஊற்றினேன். குனிந்து பார்க்கவில்லை. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நாங்கள் மெழுகுதிரி ஏற்றப் போய்விட்டோம்.

புதன்கிழமை காலை எனக்கு நடக்கவே முடியவில்லை. வெறுங்கால் நடை குதிகாலைக் கிளப்பிவிட்டிருந்தது. அக்காவுக்கு லேசான காய்ச்சல். வெயில் பட்டதுதான் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். கெந்திக்கெந்தி நானும் கூடப் போனேன். என்னைப் பார்த்த டீச்சர், “உந்தக் காலோட என்னெண்டு திரியப் போறியள்? பாக்கியம், பின்னேரம் தம்பியை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

கடலைப் பார்த்த ஒரு குறுக்குத் தெருவில் சின்ன கிளினிக். காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கால்தான் வியாதி. காலி வீதி என்ற பெரிய ரோட்டிலுள்ள சேலைக் கடைப் பெண் ஒருத்தி. பத்து மணி நேரம் நிற்க வேண்டுமாம், ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாதாம். அழகுக்காகக் கூர்முனைச் சப்பாத்து போட்டுப் பெருவிரல் எலும்பு பிதுங்கிய ஒரு வங்கி ஊழியர். பெருவிரல் மூட்டு தக்காளிப்பழம் போல் வீங்கி, விசிறிக் காற்றுப் பட்டாலும் முனகிய ஒரு பெரியவர். அவருக்கு யூரிக் அமிலம். ஆட்டிறைச்சியைக் குறை என்று டாக்டர் உள்ளே கத்துவது வெளியே கேட்டது. எல்லாரும் அவரவர் வலியைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசினோம். நான் என் படத்தை விரலால் காற்றில் வரைந்து காட்டினேன். அக்கா ஒருத்திதான் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சொல்ல வலி எதுவும் இல்லை.

டாக்டர் வயதானவர், யாழ்ப்பாணத் தமிழ். என் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் அலறினேன்.

“உது சுகம் வரும், பயப்பிடாதேங்கோ. கொஞ்ச மாசம் எடுக்கும். காலமை கட்டிலால இறங்க முந்தி ஒரு துவாயைப் பாதத்தில போட்டு உங்கட பக்கம் இழுங்கோ. சுவரைப் பிடிச்சுக்கொண்டு கெண்டைக்காலை நீட்டுங்கோ. ஐஸ் போத்தல் ஒண்டைக் காலுக்குக் கீழ வச்சு உருட்டுங்கோ. வெறுங்காலோட தரையில நிக்கிறதை விடுங்கோ. ஊசியெல்லாம் கடைசிக்குத்தான்.” எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். “என்ன மணம் இது?”

அக்கா வெட்கத்தோடு சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “மீன் கழுவினேன் டொக்டர். அதான்.”

அவர் பேனாவை மூடினார். “அம்மா, உங்கட காலை ஒருக்காக் காட்டுங்கோ.”

“எனக்கு ஒன்னும் இல்லீங்க. நோவு எப்பவோ போயிருச்சு.”

“அதுதான் காட்டச் சொல்லுறன்.”

கட்டிலில் ஏற்றிக் காலைத் திருப்பினார். பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு ஓட்டை. சுற்றிலும் தோல் வெள்ளையாக ஊறி, உள்ளே கறுப்பாக இருந்தது. டாக்டர் இடுக்கியை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். அக்கா விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வந்தது ஒரு சிரட்டைச் சில்லு, தேங்காய் ஓட்டின் கூரான துண்டு, என் சுண்டுவிரல் நகத்தின் நீளம். அது எப்போது ஏறியது என்று கேட்டார்.

“தெரியாதுங்க. கால்ல ஈரம் மாதிரி இருந்துச்சு. குசினித் தரை ஈரம்னு நெனச்சேன்.”

நேற்று பாட்டில் தண்ணீரில் நான் கழுவிவிட்டது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. டாக்டர் என்னிடம் சத்தமில்லாமல் சொன்னார். சீனி வருத்தம் முதலில் கால் நரம்பை எரிக்குமாம். எரிச்சல், குத்தல், ஊசி ஏற்றின மாதிரி. அப்போது வந்திருந்தால் சீனியைக் கட்டுப்படுத்தி, எரிச்சலுக்கு மருந்து கொடுத்து, தினமும் காலைப் பார்க்கச் சொல்லிக் காப்பாற்றலாம். அதை விட்டால் நரம்பு செத்துவிடும், எரிச்சல் நின்றுபோகும். சனங்கள் அதைச் சுகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்றார். “வீட்டுக்குப் போகாதேங்கோ. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.”

திரீவீலில் போகும்போது அக்கா கேட்டாள், “ஒன் காலுக்கு மருந்து தந்தாரா?” தந்தார் என்றேன். “நல்லது” என்று என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் பெருவிரலை எடுத்தார்கள். நான்காம் நாள், விஷம் எலும்பைப் பிடித்து மேலே ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். சர்ஜன் சிங்களவர், இளைஞர், பொறுமையானவர். அவர் சொன்னதை நர்ஸ் தமிழில் சொன்னார். “இன்றைக்கு எடுத்தால் முழங்கால் மிஞ்சும், அடுத்த வாரம் என்றால் அதையும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்கிறார்.”

அக்கா அழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அந்தோனியார் மேல குத்தமில்லடா. நான் நோவு போகணும்னுதான் கேட்டேன். கால் இருக்கணும்னு கேக்கலையே.” எனக்குத்தான் அழுகை வந்தது. வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் செல்வியின் எஜமானி அவளிடம் போனைக் கொடுப்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். எந்த நாளில் என்ன நடந்தது என்று அவள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “மாமா, செவ்வாக்கிழமை நீங்கதானே கூட நடந்தீங்க?” ஆமாம் என்றேன். நிபுணன் என்று நம்பிக் கூப்பிட்ட பெண். என் காலை மட்டும் பார்த்துக்கொண்டு அவள் அம்மாவின் பக்கத்தில் நடந்தேன். இதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

டீச்சர் இரண்டு நாளுக்கு ஒருமுறை இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார். அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து, “நான்தான் அண்டைக்கு உன்னைக் கட்டாயப்படுத்தி அந்தச் செருப்பைப் போட வச்சிருக்கோணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சில்லு அதற்கு முன்பே ஏறியிருக்கும் என்றேன். அது உண்மையா என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வார்டில் இன்னும் ஐந்து பெண்களுக்குக் கால் பிரச்சினைதான். ஒருத்தி காய்கறிக்காரி, ஒருத்தி கார்மென்ட்ஸ் தொழிலாளி. அத்தனை பேரிடமும் விசாரித்தேன். யாருமே வலி தாங்காமல் வந்தவர்கள் இல்லை.

என் விடுமுறை முடிய மூன்று நாள் இருந்தபோது அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கால் பரிசோதனை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மிச்சமிருக்கும் இடது காலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். போகிற வழியில் அக்கா கேட்டாள், “இதையும் எடுப்பாங்களாடா?” சும்மா பார்ப்பார்கள், எடுக்கமாட்டார்கள் என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. ஒரு கால் இருந்தால் கட்டைக்கால் மாட்டி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாவது டீச்சர் வீட்டில் சமைத்துவிடலாம் என்று முந்தின நாள் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தாள். செல்வியை இனித் திரும்பிவரச் சொல்லவேண்டியதில்லை என்பது அந்தக் கணக்கு.

நர்ஸ் மட்டக்களப்புப் பெண், சின்ன வயது. அவள் கையில் தூண்டில் நரம்பு போல் மெல்லிய நைலான் இழை ஒன்று இருந்தது. முதலில் அக்காவின் உள்ளங்கையில் அதன் நுனியால் தொட்டாள். “இப்பிடித்தான் அம்மா. கண்ணை மூடிக்கொள்ளுங்க. காலில நான் தொடுறது தெரிஞ்சா ஆமா எண்டு சொல்லுங்க. வேற ஒண்டும் இல்ல.”

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டு கைகளும் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தன. நர்ஸ் பெருவிரல் நுனியில் இழை வளையும்வரை அழுத்தினாள்.

“ஆமா.”

சுண்டுவிரலுக்குக் கீழே.

“ஆமா.”

ஒரு கால் தப்பித்தது என்று நினைத்தேன். குதிகாலில் தொட்டபோது கொஞ்சம் தாமதித்து, “ஆமா” என்றாள். நர்ஸ் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இழையைக் காலிலிருந்து எடுத்து, மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“ஆமா” என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் விட்டு, “ஆமா, மிஸ்.” மறுபடியும், “ஆமா. தெரியுது.”